தள்ளுபடித் தாழ்ப்பாள்

உலக வணிகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் கப்பலில் தொடங்கிக் கப்பலிலேயே முடித்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. கண்டங்களை ஒன்று சேர்த்தது கப்பல் அல்ல, தள்ளுபடி. அந்த மகத்தான வரலாற்றின் தலையாய அத்தியாயம் ஒரு குளியலறைக் கதவில் நிகழ்ந்தது. நிகழ்த்தியவர் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவுத் தலைமை எழுத்தர். சக ஊழியர்கள் அவருக்குத் 'தள்ளுபடியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் பொறாமைதான்.

தள்ளுபடியார் முழு விலை கொடுத்து எதையும் வாங்கியவர் அல்ல. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், இரண்டாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று விசாரித்த தீர்க்கதரிசி. அவருடைய கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக் கடை குடியேறிய பிறகு, உள்ளூர்க் கடைகளின் படியேறுவதையே விட்டுவிட்டார்.

அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, குளியலறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் அவருடைய மனைவியின் கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் என்னவோ கல்லுப் போலத்தான் இருந்தது. ஆனால் உள்ளே குளிப்பவருக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாளால் என்ன பயன்?

மனைவி ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஆறரைக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே, சாயங்காலம் வரும்போது தெருமுனைக் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவரச் சொல்லிவிட்டுப் போனார்.

தெருமுனைக் கடையில் தாழ்ப்பாள் நூற்றிருபது. தள்ளுபடியார் மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தார். அதே தாழ்ப்பாள், அச்சு அசலாக அதே தாழ்ப்பாள், கடல்களுக்கு அப்பால் எண்பது சதவீதத் தள்ளுபடியில் கிடந்தது. அவருக்குக் கண் கலங்கியது. கீழே ஷிப்பிங் கட்டணத்தைப் பார்த்தபோது இன்னும் கலங்கியது. தாழ்ப்பாளைப் போல அது பத்து மடங்கு. நல்லவேளையாக அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில், ஒரு கருணை இருந்தது: பன்னிரண்டு வாங்கினால் ஷிப்பிங் இலவசம்.

பதினொரு தாழ்ப்பாள்களைக் கூடுதலாக வாங்கி, ஒரு தாழ்ப்பாளின் ஷிப்பிங் கட்டணத்தை அவர் மிச்சம் பிடித்தார். இப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இன்று குறைவு.

"நம்ம வீட்டுல மொத்தமே மூணு கதவுதான்," என்றார் மனைவி, அன்று மாலை.

"ஷிப்பிங் இலவசம்."

"எப்ப வரும்?"

"பதினஞ்சு நாள்லேர்ந்து அறுபது நாளுக்குள்ள."

மனைவி அவரை ஒரு சோதனைக் குழாயைப் பார்ப்பதுபோலச் சற்று நேரம் பார்த்தார். "சரி, எத்தனை நாள்னு நானும் பாத்துடறேன்," என்றார். மறுநாள் அவர் வேலையிலிருந்து திரும்பக் கால் மணி நேரம் தாமதமானது. தள்ளுபடியார் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்சல் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைக்கால ஏற்பாடாக வீட்டில் ஓர் 'உயர்மட்டக் கூட்டம்' நடந்தது. தள்ளுபடியார் தலைமை. மனைவியும், மாடி அறையில் தங்கியிருந்த அவருடைய தம்பியும் உறுப்பினர்கள். உள்ளே இருப்பவர் தாம் உள்ளே இருப்பதை ஓசையால் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மனைவி, மகளுக்கு ஒருகாலத்தில் பாடிய தாலாட்டைப் பாடுவார். தள்ளுபடியார் ராகம் மட்டும் இழுப்பார். மைத்துனர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. பாட்டு வராது என்பதால் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வார். பதினெட்டாம் வாய்ப்பாட்டுக்குத் தாண்டினால் அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லை என்று பொருள்.

ஏற்பாடு சிறப்பாகவே நடந்தது. ஒரேயொரு முறை, மனைவி உள்ளே பாடிக்கொண்டிருக்கும்போதே தள்ளுபடியார் கதவைத் தள்ளிவிட்டார். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. பார்சல் விமானம் ஏறிவிட்டது என்று அப்போதுதான் தகவல் வந்திருந்தது.

பார்சலின் பயணமோ, எந்த மன்னனின் திக்விஜயத்துக்கும் சளைத்ததல்ல. 'உங்கள் பொருள் மகிழ்ச்சியுடன் புறப்பட்டது' என்று முதல் செய்தி. 'வந்து சேர்ந்தது' என்று இருபதாம் நாள். வந்து சேர்ந்தது வேறொரு நாட்டில். அங்கிருந்து அது தள்ளுபடியாரின் ஊருக்கு மேலேயே பறந்து இன்னொரு நாட்டுக்குப் போனது. நாற்பதாம் நாள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடியும் மகிழ்ச்சியுடன் புறப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கடிதத்தைக்கூட வழிதவற விடாத தபால் பிரிவில், இந்தப் பயணம் தேநீர் நேரத்தில் வரைபடத்தோடு விளக்கப்பட்டது. "நாம யாருமே பாக்காத நாலு நாட்டை அது பாத்துடுச்சு," என்றார் தள்ளுபடியார், பிள்ளை படித்து முன்னுக்கு வந்த பெருமிதத்தோடு.

தொண்ணூறாம் நாள் மகள் தொலைபேசியில் பேசினாள். திருமணமாகி வெளியூரில் இருப்பவள். அவளுடைய மாமியாருக்குக் கண் ஆபரேஷன் இந்த ஊரில்தான் நடக்கப்போகிறது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலை மாமியாரை அழைத்துவந்து, பத்து நாள் பிறந்த வீட்டிலேயே தங்க உத்தேசம். தள்ளுபடியார் மகிழ்ந்தார். மகள் அடுத்துக் கேட்டது, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்பது.

"வந்துக்கிட்டே இருக்கும்மா. அதுவரைக்கும் ஒரு பாட்டு..."

"அத்தை முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்கப்பா. அவங்க பாத்ரூம்ல பாட மாட்டாங்க."

"வாய்ப்பாடு சொல்லலாமே."

மறுமுனையில் மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, ஒரு வருஷமா அந்த வீட்டுல எதுக்கெடுத்தாலும் எங்க அப்பா வீடு, எங்க அப்பா வீடுன்னு பெருமை பேசிட்டிருக்கேன். என் மானத்தை மட்டும் வாங்கிடாதீங்க. எவ்வளவு தள்ளுபடியில கெடைச்சாலும்."

ஐந்தாம் தேதிக்குள் தாழ்ப்பாள் கதவில் இருக்கும் என்று தள்ளுபடியார் வாக்குக் கொடுத்தார். அந்த வாரமே பார்சல் தாய்நாட்டு மண்ணைத் தொட்டது. தொட்ட இடம் சுங்க அலுவலகம்.

சுங்க அலுவலகத்தின் நான்காம் எண் ஜன்னலில் ஓர் அதிகாரி இருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி. மேசையில் ஏழு ரப்பர் ஸ்டாம்பு. பார்சல் சீட்டைப் படித்துவிட்டு அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"இதுல 'அன்பளிப்பு'ன்னு போட்டிருக்கு. அனுப்புநர்ங்கிற இடத்துல 'உங்கள் தோழி'ன்னு இருக்கு. யாரு சார் அது?"

உண்மையில் அது கடை. சுங்க வரியை ஏமாற்றுவதற்காக, வாங்கியவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கடையே தோழியாக மாறியிருந்தது. வாடிக்கையாளர் நலனில் இவ்வளவு அக்கறை எந்தக் கடைக்கு உண்டு? கடை என்று ஒப்புக்கொண்டால் பன்னிரண்டு தாழ்ப்பாளுக்கும் வியாபாரிக்கு உண்டான வரி. தோழி என்றால் வரி இல்லை. தள்ளுபடியார் ஒரு கணம்தான் யோசித்தார்.

"தோழிதான்."

"எப்படிப் பழக்கம்?"

"போன்லதான். தினமும் மெசேஜ் வரும். 'உங்களை மறக்கவில்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறோம்'னு."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுல எத்தனை பாத்ரூம் சார்?"

"ஒண்ணு."

"பாத்ரூம் ஒண்ணு, தாழ்ப்பாள் பன்னிரண்டு. ஒண்ணு, நீங்க வியாபாரியா இருக்கணும். இல்லன்னா உங்க தோழியம்மாவை யாரோ ரொம்பப் பயமுறுத்தியிருக்கணும்."

இரண்டாவது காரணத்தை எழுத்தில் தெரிவிக்கலாமா என்று கேட்டார் தள்ளுபடியார். தாராளமாகத் தெரிவிக்கலாம், மனு கொடுங்கள் என்றார் அதிகாரி. நட்பு உண்மையானது என்று குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்ட ஒப்புதலும் வேண்டும் என்றார்.

இருபத்திரண்டு ஆண்டு அலுவலகத் தமிழ் அன்றிரவு கரைபுரண்டது. 'மேற்படி தோழிக்கும் மனுதாரருக்கும் இடையே நிலவும் தாழ்ப்பாள் சார்ந்த நல்லுறவு' என்று தொடங்கி நான்கு பக்கம். கடைசியில் ஒப்புதல்: 'என் கணவருக்கு வெளிநாட்டில் ஒரு தோழி உண்டு என்பதையும், பன்னிரண்டு தாழ்ப்பாள் அனுப்பும் அளவுக்கு அவர்கள் நெருக்கம் என்பதையும் மனமுவந்து உறுதி செய்கிறேன்.' காலையில் மனைவி கிளம்பும் நேரத்தில் அதை நீட்டினார்.

மனைவி நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார்.

"நான் பாக்காத ரிசல்ட்ல கையெழுத்துப் போடறதில்லைங்க."

"நம்ம பொண்ணோட மானம் இதுலதான் இருக்கு."

"அவ மானம் இந்த நாலு பக்கத்துலயா இருக்கு?"

ஆனாலும் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரம் சற்று அதிகம்தான். உறையில் போட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். தபால் பிரிவுத் தலைமை எழுத்தருக்கு ஒட்டிய உறையைப் பிரிக்கும் வழக்கமில்லை. அப்படியே கொண்டுபோய் நான்காம் எண் ஜன்னலில் சேர்த்தார்.

பதில் வரவில்லை. முதல் தேதி, இரண்டாம் தேதி, மூன்றாம் தேதி. நான்காம் தேதி இரவு தள்ளுபடியார் ஓர் அட்டையில் 'ஆள் இருக்கிறது' என்று எழுதிக் கயிறு கட்டினார். ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு இருக்கப்போகிறவர் அதை எப்படிப் படிப்பார் என்று மைத்துனர் சந்தேகம் எழுப்பினார். தள்ளுபடியார் எழுத்தைப் பெரிதாக்கினார்.

ஐந்தாம் தேதி காலை ஏழு மணி. மனைவி விடுப்பு எடுத்திருந்தார். ரயில் நிலையத்துக்குப் போன மைத்துனரிடமிருந்து, எல்லோரும் காரில் ஏறியாயிற்று என்று தகவல் வந்தது. தள்ளுபடியார் குளித்து உடுத்திக்கொண்டு, ஈரத்தலையைத் துவட்டியபடி குளியலறைக்குள் ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது வெளிப்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"இனிமே பாட வேண்டாங்க," என்றது மனைவியின் குரல். "வெளிய தாழ் போட்டாச்சு."

"என்ன விளையாட்டு இது? திற, அவங்க வந்துடுவாங்க."

"நேத்து சாயங்காலம் ஒரு லெட்டர் வந்துச்சு. கதவுக்கு அடியில தள்ளறேன். படிங்க."

கதவின் இடுக்கில் ஒரு தாள் நுழைந்தது. சுங்க அலுவலகத்தின் ஆணை. ஏழு ஸ்டாம்பும் குத்தியிருந்தது. தள்ளுபடியார் ஈரம் படாமல் எடுத்துப் படித்தார்.

'மனுதாரரின் மனைவி தமது ஒப்புதலில் கீழ்க்கண்டவாறு குறிப்பு எழுதியுள்ளார்: "இவருக்குத் தோழி யாரும் கிடையாது. இருந்திருந்தால் அவளாவது ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டிருப்பாள்." இக்குறிப்பு நம்பத்தகுந்ததாக உள்ளது. எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. பொருளைத் திருப்பி அனுப்பும் ஷிப்பிங் கட்டணம் மனுதாரரைச் சாரும்.'

வாழ்நாள் முழுதும் அவர் தேடிய சொல் அது. முழுமையாக, நூறு சதவீதமும் கிடைத்துவிட்டது.

"இப்படி எழுதிட்டியே," என்றார், கதவைப் பார்த்து. "இப்ப தாழ்ப்பாளுக்கு எங்க போறது?"

மேல்ஜன்னலில் சத்தம் கேட்டது. மனைவி வெளியே ஸ்டூல் போட்டு ஏறியிருந்தார். கம்பிகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூடிரைவர் இறங்கியது. பின்னாலேயே தெருமுனைக் கடையின் பெயர் போட்ட ஒரு பொட்டலம். பிரித்தால், பளபளவென்று ஒரு தாழ்ப்பாள். நான்கு திருகாணிகள். நூற்றிருபதுக்கு ஒரு ரசீது. ரசீதில் இருந்த தேதியைப் பார்த்தார். பழைய தாழ்ப்பாள் கையோடு வந்ததற்கு மறுநாள்.

"அப்பவே வாங்கிட்டியா?"

"அலமாரியிலதான் இருந்துச்சு. அங்கேயிருந்து பாத்ரூமுக்குப் பத்தடி. ஷிப்பிங் இலவசம்."

"நாலு மாசமா சொல்லவே இல்லையே. நீயும்தானே உள்ள உக்காந்து பாடின?"

"பாடினேன்," என்றார் மனைவி. "நாலு மாசம் பாடினேன். ஒருநாளாவது கேட்டீங்களா?"

தள்ளுபடியார் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார்.

"உள்பக்கத் தாழ்ப்பாளை உள்ள இருந்துதானே மாட்டணும்," என்றது குரல், ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே. "மாட்டி முடிச்சதும் சொல்லுங்க. வெளிய திறக்கறேன்."

அவர் மண்டியிட்டு முதல் திருகாணியை வைத்தார். இரண்டாவதைத் திருகும்போது வாசலில் கார் நின்றது. மகளின் குரல், பெட்டி இறங்கும் சத்தம், அதன் பிறகு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தையே அடக்கிய ஒரு குரல். வாங்க சம்பந்தி, வாங்க, என்று மனைவி எதிர்கொண்டு அழைப்பது கேட்டது. மூன்றாவது திருகாணி. மகள் தாழ்ந்த குரலில் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். ஆயிடுச்சு, இதோ ஆயிடுச்சு, என்றார் அம்மா.

"சம்பந்தியைக் காணோமே?" என்றது பெரிய குரல்.

"கஸ்டம்ஸ்ல இருக்கார் சம்பந்தி," என்றார் மனைவி. "நாலு மாசமா நிக்கற சரக்கு. இன்னும் ஒரு திருகாணிதான். சோதனை முடிஞ்சதும் விட்டுடுவாங்க."