முன்ஜாமீன் மாத்திரை

குடிகாரர்களில் அழுகிற ரகம், பாடுகிற ரகம், பழைய சண்டையைத் தூசி தட்டி எடுக்கிற ரகம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது புதிதாக ஒன்று கூரியரில் வந்து இறங்கியிருக்கிறது. முதல் கிளாசைத் தொடுவதற்கு முன்பே மறுநாள் தலைவலிக்கு முன்ஜாமீன் வாங்கிவிடுகிற ரகம். காரைக்காலில் நன்றாக விளைகிறது.

சுவாமிநாதனைப் பாருங்கள். அரசாங்க வேலை, வயது நாற்பத்தாறு, சர்க்கரை இருநூற்றெண்பது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் அட்டை பிரியாமல் கிடக்கிறது. கேட்டால், "கண்ட மாத்திரையும் போட்டா கிட்னி போயிடும்டி" என்பார். ஆனால் மூலிகையும் வைட்டமினும் கலந்து, மறுநாள் காலையை மலர வைக்கும் என்று செல்போன் விளம்பரம் சத்தியம் செய்த அந்தப் பச்சைக் காப்ஸ்யூலை மட்டும், குடிக்க அரை மணி முன்னால் இரண்டு, முடித்ததும் ஒன்று என்று கடிகாரம் பார்த்து விழுங்குவார். ஐ.சி.யூ. நர்ஸ் தோற்றாள்.

வாந்தி வாளியைக் கழுவுகிறவள் மனைவி சந்திரலேகா. அவளுக்கு எந்த விளம்பரமும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை சீர்காழியிலிருந்து சகலை ஜெயபிரகாஷ் வந்தார். திருநள்ளாற்றுக்கு வரும் வெளியூர் உறவுகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? சரக்கு மலிவான காரைக்காலின் பூவம் எல்லையைத் தாண்டியதுமே காரைக்கால்காரருக்குப் போன் வரும். சனி பகவானுக்கு ஒரு மணி நேரம், மிச்சப் பொழுது முழுக்க வேறு வேண்டுதல்.

மறுநாள் காலை சுவாமிநாதனின் தங்கை சிவப்ரியாவின் மகனுக்குக் காதுகுத்து. ஒன்பது வருடம் ஊசியும் ஸ்கேனுமாக அலைந்து பெற்ற பிள்ளை. "அண்ணே, ஒன் மடியிலதான் குத்தணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் புள்ள உங்க மடியில உக்காரணுங்க" என்று நினைவூட்டினாள் சந்திரலேகா.

"அதுக்குத்தானடி இது!" காப்ஸ்யூல் டப்பாவைக் குலுக்கிக் காட்டினார்.

"மூணோட நிறுத்திக்குவமா சகலை?" என்றார் ஜெயபிரகாஷ்.

"மாத்திரையும் போட்டுட்டு மூணோட நிறுத்துனா, மாத்திரைக்கு என்ன மரியாதை?"

வழக்கமாக மூன்றில் நிற்கிறவர் ஏழுக்குப் போனார்.

காலையில் கோயிலில் பட்டு வேட்டியும் மாலையுமாக உட்கார்ந்தார். கண்கள் இரண்டும் வெந்த இறால். மடியில் வைத்த பிள்ளை, வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டது. தங்கக் கம்பியைப் பிடித்துக் குனிந்த நடராசன் ஆசாரி நிமிர்ந்துவிட்டார்.

"மாமாக்காரரே, மடி ஆடுதுங்களே! காதுல குத்தவா, கன்னத்துல குத்தவா?"

"நீங்க குத்துங்க. நான் மாத்திரை போட்ருக்கேன்."

சிவப்ரியா எழுந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். அண்ணன் கழுத்து மாலையைக் கழற்றினாள். இரண்டையும் கொண்டுபோய்ச் சித்தப்பா மகன் செந்தில்குமாரிடம் கொடுத்தாள். ஆடாத மடி. அரை நிமிடத்தில் இரண்டு காதும் முடிந்தது. அந்த வீட்டு ஆல்பத்தில் இனி தாய்மாமன் அவன்தான். மாமனுக்காக இன்னொரு முறை காது குத்த முடியுமா?

வீடு திரும்பும் வழியில் கணவர் அழுவார் என்று எதிர்பார்த்தாள் சந்திரலேகா. அவர் டப்பாவின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு வந்தார்.

"தப்பு எம்மேலதான்டி."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வெறும் வயித்துல போட்டுட்டேன். அடுத்த தடவ முன்னாடியே மூணா போடணும்."

"குடிக்காம இருந்தாலும் தலவலி வராதுங்க."

"நீ என்ன டாக்டரா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காலையில் நடந்தாயிற்று என்ற தைரியத்தில் சாயங்காலம் நாலு பஜ்ஜி தின்கிறவர்களும், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாமென்று சொல்லிவிட்டு அல்வாத் தட்டை இழுக்கிறவர்களும் தாராளமாகச் சிரிக்கலாம். ஒன்று மட்டும்: அந்தக் காப்ஸ்யூலின் பெயர் வேண்டுமென்றேதான் இங்கே எழுதப்படவில்லை. அதைத் தேடி மறுபடி மேலே போய் வந்தவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.