இஸ்திரிப் பிரிவில் நான் கொண்டுவந்த சமாதானம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்ததற்கு முதலில் நன்றி. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் வாயில்தான். அங்கே எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தங்கச்சிக்கு வியாழக்கிழமை இதய வால்வு ஆபரேஷன் என்று தெரிந்த பிறகு அப்படிக் கேட்க மனசு வரவில்லை. யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் மகள் பேரை இழுக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், உங்கள் அப்பா காலமான மறுவாரம், நீங்கள் கூடத்தில் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தபோது, உலகத்தில் நடந்த போருக்கெல்லாம் மதம்தான் காரணம் என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன் அல்லவா? கையில் நோட்டு வேறு, போர்களின் பட்டியல், தேதிவாரியாக. நீங்கள் கண்ணைத் திறந்து, "மச்சான், எங்கப்பாவுக்காக ரெண்டு நிமிஷம் கேட்டேன், அதைக்கூடத் தர மாட்டீங்களா?" என்றீர்கள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "இந்த ரெண்டு நிமிஷத்துலதான் மாப்பிள்ளை எல்லாமே ஆரம்பிக்குது" என்றேன். தங்கச்சி என் செருப்பை எடுத்து வாசலில் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அன்றோடு சரி, அவள் குரலை நான் கேட்டு ஆறு வருஷமாகிறது.

இப்போது அதைப் பற்றி எழுத வைத்தது எங்கள் சலவை ஆலையில் நடந்த கூத்து. போன வருஷம் என்னை இஸ்திரிப் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். பன்னிரண்டு பேர், பாதிப்பேர் ஒரு மதம், பாதிப்பேர் இன்னொன்று. முதல் நாளே கதவுக்குப் பின்னால் தொங்கிய டியூட்டி சார்ட்டைப் பார்த்தால் முழுக்கப் பென்சில் கிறுக்கல். என்னவென்று விசாரித்தால், இவர்களுடைய விசேஷ நாளில் அவர்கள் வந்து நிற்பார்களாம், அவர்களுடைய நாளில் இவர்கள் வந்து நிற்பார்களாம், பல வருஷமாக இப்படித்தானாம். எனக்குப் பகீரென்றது. ஆகா, மதம் இஸ்திரி மேசைக்கே வந்துவிட்டதே, நாளைக்கு வெட்டுக்குத்து ஆனால் யார் பதில் சொல்வது என்று ரப்பர் எடுத்து மொத்தத்தையும் அழித்தேன். "மத அடிப்படையில் டியூட்டி மாற்றம் இனி கிடையாது. அமைதி காக்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு எவ்வளவு நிம்மதியாக நடந்து போனேன் தெரியுமா!

நான் விசாரிக்காமல் விட்டது ஃபேனை. அந்த அறையில் ஆளுயர ஃபேன் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தலையாட்டுகிற பழக்கம் அதற்கு எப்போதோ போய்விட்டது, ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம்தான். யார் அடுத்தவருக்காக வந்து நிற்கிறாரோ அன்றைக்கு அவர் பக்கம் ஃபேனைத் திருப்பி வைப்பது அவர்களுடைய மரியாதை. நான் மாற்று டியூட்டியை நிறுத்தியதும் ஃபேன் யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கே இல்லாமல் போய்விட்டது. ஒரு வாரத்தில் கிழக்கு மேசை, மேற்கு மேசை என்று இரண்டு கட்சி. மாப்பிள்ளை, இதில்தான் வேடிக்கை, இரண்டு கட்சியிலும் இரண்டு மதமும் இருந்தது! மீசைக்காரரும் கண்ணாடிக்காரரும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறவர்கள். அவர் மேற்கு, இவர் கிழக்கு. முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. கறைக்கு அடையாளம் போடுகிற சாக்பீஸால் யாரோ தரையில் நடுவே ஒரு கோடு போட்டார்கள். என் மேசை மேற்குப் பக்கம் இருந்தது. தற்செயல்தான், ஆனாலும் காற்று மேற்குக்கு ஏன் நியாயம் என்று நான் ஏழு காரணம் எழுதி ஒட்டினேன். மூன்றாம் வாரம் என் வாயிலிருந்தே "நம்ம ஆளுங்க" என்று வந்தது. எந்தச் சாமியும் எந்த வேதமும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடுவில் வந்து சேர வேண்டும். நடுவில்தான் கோடு இருக்கிறதே! மீசைக்காரர் இந்த முனை, கண்ணாடிக்காரர் அந்த முனை, "நீ வா" "நீ வாய்யா" என்று இழுத்ததில் விரிப்பு டர்ரென்று நட்டநடுவில் கிழிந்தது. மீசைக்காரர் கையில் பாதி விரிப்போடு என்னைப் பார்த்து, "சாமிக்காக அடிச்சிக்கிட்டாலாவது புண்ணியம்னு சொல்லிக்கலாம் சார். ஃபேனுக்காக அடிச்சிக்கிட்டோம்னு வீட்டுல எப்படிச் சொல்றது?" என்றார்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே வாரம், எங்கள் பிரிவில் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, சிரிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம், வந்து நின்றார். புருஷன் போய் ஒரு வருஷம், காலையில் நினைவுப் பிரார்த்தனை, அரை நாள் யாராவது மாற்றி நின்றால் போதும் என்றார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. மீசைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் கண்டுக்காம இருக்கேன், நீங்க நில்லுங்க என்றேன். ஒன்பது வருஷமாக அந்த அம்மாவுக்காக நின்ற மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? "அவங்க கிழக்குப் பக்கம் சார்." அந்த அம்மா வேலைக்கு வந்தார். பதினொரு மணிக்குக் கண்ணை மூடி அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே தலையணை உறை புகைய ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து, "மன்னிச்சிருங்க சார், ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு" என்றார். உங்கள் வீட்டுக் கூடம்தான் என் கண் முன்னால் வந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் மாப்பிள்ளை, சொல்வதற்கென்ன வெட்கம்.

மதத்தின் பேரால் ஓடின ரத்தம் பொய்யென்று இப்போதும் சொல்ல மாட்டேன், அது நோட்டில் இருக்கிறது. ஆனால் மதத்தையே அழித்துவிட்டாலும் மனுஷன் அடித்துக்கொள்ள ஒரு ஃபேன் போதும், பக்கத்தில் காரணம் எழுதிக் கொடுக்க என்னைப் போல ஒருத்தன் போதும். அன்று உங்கள் வீட்டில் சண்டையைக் கொண்டுவந்தது உங்கள் சாமி இல்லை, நான். என்னை மன்னிக்க வேண்டும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஓரமாக உட்கார அனுமதி கொடுங்கள். யாரிடமும் எதற்காகவும் சண்டைக்குப் போக மாட்டேன், அந்த மனுஷன் செத்துவிட்டான்.

தங்கச்சிக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு முத்தங்கள், உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

இப்படிக்கு,
திருந்திய மச்சான்

பி.கு.: கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தபாலில் சேர்ப்பதற்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, தெருக்கோடிப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனேன். தங்கச்சிக்காகத்தான். உட்கார்ந்து கண்ணை மூடினேனோ இல்லையோ, ஒருத்தர் வந்து தோளைத் தட்டி, "எந்திரிங்க, இது பன்னிரண்டு வருஷமா என் நாற்காலி" என்றார். உமக்கு இதை எந்தச் சாமி எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். பேச்சு வளர்ந்தது. சட்டையைப் பிடித்தது முதலில் நானாகவும் இருக்கலாம். வாட்ச்மேன் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். நான் தங்கச்சிக்காக ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் அங்கே பழக்கம் உண்டு, எனக்காக நீங்களே கேட்டுவிடுங்கள். ரெண்டு நிமிஷம் போதாது, நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும்.