ஜன்னல் சாரும் சத்தமில்லாத எட்டு மணியும்

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும், அது அவர்கள் மூக்குக்குத் தெரியும் முன்பே ஜன்னல் சாருக்குத் தெரிந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன். யாரைப் பார்த்தாலும் வணக்கமெல்லாம் கிடையாது, "தும்மல் உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. உண்டு என்றால் எதிர்ச்சாரிக்கு மாறிவிட வேண்டும். இல்லையென்றால் மூன்றடி தள்ளி நின்று பேசலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாடி போர்ஷனில் நான் ஒண்டிக்கட்டை, கீழே அவர் ஒண்டிக்கட்டை. மாடம்பாக்கத்தில் இருக்கும் அவருடைய அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்திருந்தாள். நான்கு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள், மகள் கல்யாணம் நெருங்கியதும் வீடு திரும்பினாள். கூட்டத்தில் கலக்கக் கூடாது, வெளியில் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆக, சாருக்கு உலகமே அந்த ஜன்னல்தான்.

வந்த சிறுநீரகத்தை உடம்பு வேற்றாள் என்று விரட்டிவிடாமல் இருக்க மாத்திரை. காலையில் "எட்டாச்சு! மாத்திரை!" என்று அவர் கத்திய பிறகுதான் நான் ரயிலுக்கே கிளம்புவேன். ஆனால் அந்த மாத்திரை பண்ணிய கூத்து இருக்கிறதே! கை நடுங்கி, டம்ளர் காபியில் பாதி லுங்கிக்குப் போகும். காதோரமெல்லாம் புசுபுசுவென்று முடி. பசியோ அகோரப் பசி. "தம்பி, எதிர்வீட்டுல வெங்காய சாம்பார். மோந்துகிட்டே ஆறு இட்லி உள்ள போயிடுச்சு" என்பார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை முகம். பூசணிக்காயாய் உப்பிவிட்டது. நம் ஜனங்களுக்குக் கன்னம் உப்பினால் ஆள் சௌக்கியம் என்றுதானே அர்த்தம்?

"இன்னா சார், மூஞ்சி கும்முனு கீது! அக்கா சாப்பாடு நல்லா வேலை செய்யுது!" என்பாள் கீரைக்காரம்மா. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் அதையே சொல்வார். நானும் ஒருநாள், புத்தி கெட்டுப்போய், "நல்லா பூசினாப்ல இருக்கீங்க சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எப்படி இருக்கீங்கன்னு எவனும் கேக்கறதில்ல தம்பி. அவனவனே பதிலைச் சொல்லிட்டுப் போயிடறான்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒருநாள் எட்டு மணிச் சத்தம் கேட்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் சத்தமில்லை. இறங்கி ஓடினேன்.

"சார், மாத்திரை?"

"நிறுத்திட்டேன். ஒரு வாரம் போடலைன்னா மூஞ்சி வத்திடும். கல்யாணத்துல போட்டோ எடுப்பாங்கல்ல?"

"ஐயோ சார், சிறுநீரகம் போயிடும்!"

"ஒரு வாரத்துல ஒண்ணும் ஆகாது. அக்காகிட்ட மூச்சு விடாதே."

மூச்சு விடாமல்தான் போனேன். மாடம்பாக்கம் வரை சைக்கிளை அப்படி மிதித்தேன். அங்கே பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அக்கா மஞ்சள் கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"டேய்! அது உன்னுதுன்னு நெனச்சியா? அம்பது வருஷம் என் வயித்துல இருந்ததுடா. என்னைக் கேக்காம அதைக் கொல்றதுக்கு நீ யாரு?"

சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"இந்த மூஞ்சி யாருதுன்னே தெரியலக்கா. கண்ணாடியில கூட நான் இல்ல. நீயும் போயிட்டே."

அக்கா உள்ளே போய், சோப்புப் போட்டுக் கை கழுவி, தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தாள். "எனக்கு உன் மூஞ்சி வேணாம். நீ இருந்தா போதும். வாயைத் திற."

அவர் விழுங்கினார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் விட்ட டோஸில் எனக்கே காய்ச்சல் வரும்போல இருந்தது. நல்லவேளை, சிறுநீரகம் பிழைத்தது.

கல்யாணத்துக்குப் போக டாக்டர் கால் மணி நேரம்தான் கொடுத்தார். சார் முகமூடியோடு வந்து, தள்ளி நின்று அட்சதை போட்டார். பிறகு மண்டபத்துப் பின்னறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தனியாகத் திறந்தார். நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். என் இலையில் ஜாங்கிரி, வடை, அவியல் எல்லாம் விழுந்தாகிவிட்டது. என்னவோ உள்ளே இறங்கவில்லை. எழுந்து பின்னறைக்குப் போய்விட்டேன்.

"மூணடி தள்ளி உக்காரு. தனித் தட்டு எடுத்துக்கோ" என்று அதட்டி, நடுங்கும் கையால் பாதி சாதத்தை எனக்குப் போட்டார், அகோரப் பசிக்காரர்.

மெட்ராஸுக்கு வந்த மூன்று வருஷத்தில் நான் தனியாகச் சாப்பிடாத முதல் வேளை அது.