தடியெழுத்துப் பங்களா

தலையெழுத்தை மாற்ற முடியாது. போர்டு எழுத்தையாவது மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஏற்காட்டில் எங்கள் வீட்டின் மூன்று அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வாசலில் இருந்த போர்டில் எழுத்து ஒல்லி. பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே பக்கத்து விடுதிக்குப் போனார்கள்.

சேலத்துப் போர்டு கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைக் காட்டினார். பழைய தீப்பெட்டி லேபிளில் இருக்குமே, அந்த ஜாதி. யானைக்கால், முறுக்கு மீசை வளைவு, ஒவ்வொரு எழுத்தும் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்.

"போர்டு, மெனு கார்டு, காபி பாக்கெட்டு, எதுல போட்டாலும் நூறு வயசு கூடிருமுங்க" என்றார்.

நூறு என்றதும் என் மூளை விழித்துக்கொண்டது. 'ராஜ் பங்களா, 1924 முதல்.'

போர்டைப் பார்த்த மனைவி ஜெயகுமாரி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனுங்க, நம்ம ஊடு கட்டி ஆறு வருசந்தானுங்களே ஆச்சு?"

"எழுத்து அப்படி, ஜெயா. வருசம் போடாட்டி அதுக்கே கோவம் வந்துரும்."

"பொய்யில்லீங்களா?"

"சின்னப் பொய்தான்."

"அதை இத்தாம் பெரிய எழுத்துலயா போடுவீங்க?"

கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்றேன். "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவள் அவ்வளவு சுலபமாகச் 'சரிங்க' சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, கண்ணாடி போட்ட ஒருவர் ஃபைலோடு வந்தார். பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கிறாராம்.

"நூறு வருசக் கட்டடத்துல எதையும் மாத்தக் கூடாதுங்க. இந்த ஹீட்டரு வெள்ளைக்காரர் மாட்டினதுங்களா?"

"ஆ... ஆமாங்க."

"இந்த வாஷ்பேசினு?"

"அதுவும் அவருதானுங்க."

"விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமப் போயிட்டாரு பாருங்க."

ஏற்காட்டுக் குளிரில் எனக்கு வேர்த்தது.

"ஹீட்டரு, டைல்ஸு எல்லாம் பேர்த்தெடுக்கணும். வருசம் பொய்யின்னா கேஸு."

சமையலறையிலிருந்து ஜெயகுமாரி எட்டிப் பார்த்தாள். "சார், போர்டை இப்பவே எறக்கிட்டா விட்ருவீங்களா?"

அவர் யோசித்தார். நான் யோசிக்கவில்லை. ஏணியைச் சாத்தி, ஏறி, நானே கழற்றினேன். "இதே எழுத்துல 2019-ன்னே போட்டுக்கறனுங்க!" என்று மேலிருந்தே சத்தியம் செய்தேன்.

அவர் ஃபைலை மூடினார். இருபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காமல் தாண்டிவிட்டவன்போல மூச்சு விட்டேன்.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா, மாப்ளே?" என்றார்.

மாப்ளேயா? திரும்பி மனைவியைப் பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். கேஸ் இல்லை என்ற நிம்மதி முந்திக்கொண்டது.

"எங்க பெரியப்பா பையனுங்க, துபாய்ல இருக்காரு, இப்ப லீவுல வந்திருக்காருங்க" என்றாள் ஜெயகுமாரி. "நம்ம கல்யாணத்துக்கு வர முடியலீங்களா, மாப்பிள்ளை எப்பேர்ப்பட்டவருன்னு ஒருதடவை பாக்கணும்னாரு. பாத்துட்டாரு."