கரோலின் பேருக்கு எதிரே கேள்விக்குறி

ராயபுரம்,
வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு.

மதிப்பிற்குரிய மச்சான் சைமனுக்கு, உன் அக்கா புருஷன் ஜெரால்ட் எழுதிக்கொள்வது. மாதா தயவில் இவ்விடம் மூட்டுவலி தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகமும் தங்கச்சி சுகமும் அவ்வண்ணமே ஆகுக.

நிற்க. முப்பது வருடமாக நான் கட்சிக்கு பூத் ஏஜெண்ட் என்பது நீ அறிந்ததே. வாக்காளர் லிஸ்ட்டில் நம்ம ஓட்டுக்கு டிக், எதிர்க்கட்சிக்குப் பெருக்கல், சந்தேகத்துக்குக் கேள்விக்குறி என்று பென்சிலால் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இப்போ பாரு, பெத்த பொண்ணு கரோலின் பேருக்கே கேள்விக்குறி போட்டுகினு குந்திகினுகிறேன். அவளும் அந்த சங்கமித்ராவும் பின்தெருவுல ஒரே வூட்ல கீறாங்கோ, சிநேகிதிங்கன்னு நானும் நாலு வருசமா ஊருக்குச் சொல்லிகினு வந்தேனா, நேத்து வேட்பாளரக் கூட்டிகினு அங்க ஓட்டு கேக்கப் போனேன். அவரு கும்பிட்டு, "மாப்ள இன்னாமா வேலை பாக்குறாரு?"ன்னாரு. இவ சங்கமித்ரா தோள்ல கையப் போட்டு, "மாப்ளலாம் இல்லண்ணே, நாங்க ரெண்டு பேர்தான் குடும்பம். அப்டின்னு ஒத்துக்கினா ரெண்டு ஓட்டு, இல்லாங்காட்டி நோட்டா"ன்னுட்டா. அவரு கும்பிட்ட கையப் பிரிக்காம என் மூஞ்சப் பாக்குறாரு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? "வெயில் ஏறுது தலைவரே, அடுத்த வூட்டுக்குப் போலாம்"னு இஸ்துகினு வந்துட்டேன். ஓட்டு கெட்ச்சிடுச்சுன்னு நெனச்சு கூட வந்த மோளக்காரன் அடிச்சான் பாரு, தெருவே கல்யாண வூடாட்டம் ஆயிப்போச்சு.

மத்தியானம் லிஸ்ட்டை மார்மேல வெச்சுகினு கண்ணசந்தேன். ஹார்பர்ல கப்பல் ஊதுது. லிஸ்ட்ல கீற பேரெல்லாம் ஒண்ணொண்ணா எறங்கி, சத்தமில்லாம கடல்மேல நடந்து போவுது. செத்துப்போன உன் அக்காவும் போறா, திரும்பி என்னப் பாத்து சிரிக்கிறா. கடைசியா இவங்க ரெண்டு பேரும் கைகோத்துகினு. கடல் நடுவுல மேசை போட்டுகினு ஒரு அதிகாரி, "இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?"னு கேக்குறாரு. நான் லிஸ்ட்டப் பொரட்டிப் பொரட்டித் தேடுறேன். பயமே இல்ல மச்சான், சொகமா கீது, ஆனா அழுவுறேன். முழிச்சுப் பாத்தா லிஸ்ட்டு பூரா எச்சி.

கட்சி போனா போவுது. பொண்ணு என்னாண்ட பேச்ச நிறுத்திடுவாளோன்னுதான் கவலை. தாய்மாமன் நீ சொன்னா கேப்பா. ஒடனே பொறப்பட்டு வந்து, "எவனுக்காச்சும் ஓட்டப் போட்டுட்டு சும்மா கெடம்மா"ன்னு புத்தி சொல்லு.

உங்க வூட்டு வாசல்ல மாதா காவலிருக்கட்டும். பசங்களுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
ஜெரால்ட்

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டறதுக்குள்ள கரோலின் வந்துட்டா. "அந்த வேட்பாளரு பதில் சொல்லலன்னா இன்னாமா, வுடு"ன்னேன். "அவர யாரு நைனா கேட்டா? பக்கத்துல நின்ன உன்னியத்தான் கேட்டேன்"னா. புத்தி சொல்றதுக்கெல்லாம் வராத மச்சான். ஞாயித்துக்கெழம என் பொண்ணும் மருமவளும் சாப்ட வராங்கோ. எனக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது, அதுக்கு வா.