கால்வாசி பாஸ்தா

"பாஸ்தாவே கூடாதுன்னு நான் சொல்லலையே," என்றார் கம்பெனி டாக்டர். "அதுலயும் சத்து இருக்கு. தட்டுல கால்வாசி பாஸ்தா, கால்வாசி கடலையோ முட்டையோ, மீதிப் பாதி காய். அவ்வளவுதான்."

கிரேன் ஆபரேட்டர் தலையாட்டினார். அடுத்த மாதத்துக்குள் சர்க்கரை குறையாவிட்டால் அவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பாளர் அவருடைய மச்சான்.

இரவு தட்டைப் பார்த்தார். கால்வாசி பாஸ்தா வாய்க்கும் பற்றாது, வயிற்றுக்கும் பற்றாது. எழுந்து கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய தட்டாக வாங்கிவந்தார்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"கால்வாசின்னாரு. எந்தத் தட்டுலன்னு சொல்லலையே."

அவள் அந்தத் தட்டைக் கழுவி எடுத்துவந்தாள். கால்வாசி பாஸ்தா வைத்தாள். மீதி முக்கால் தட்டையும் விடாமல் நிரப்பினாள்.

"முதல்ல காய். அப்புறம் கடலை. பாஸ்தா கடைசியில."

"இதை எந்த டாக்டர் சொன்னாரு?"

"நான் சொல்றேன்."

முட்டைக்கோசைத் தாண்டி, கடலையைத் தாண்டி, பாஸ்தாவுக்கு வந்து சேர்ந்தபோது வயிறு திம்மென்றிருந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை அவர் கண்ணெதிரிலேயே மனைவி சாப்பிட்டாள்.

பசி போதவில்லை என்று முடிவுக்கு வந்தார். பத்து மணி பிஸ்கட்டை நிறுத்தினார். டீயை நிறுத்தினார். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தார். அகோரப் பசி.

"பாவம், பசியோட வந்திருக்கீங்க," என்று மனைவி காயை இன்னும் குவித்தாள்.

அன்று பாஸ்தா மூன்றே வாய்.

இவர் நடந்து போவதை மச்சான் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா, நடையும் பட்டினியுமா? எதுக்கு இந்தப் பாடு? உங்களுக்கு ஃபேனுக்கு நேரா மேசை போட்டு வச்சிருக்கேன்."

மானம் போனது. அந்த ஆத்திரத்தில் கிரேனுக்கு லிஃப்ட்டில் ஏறாமல் ஏணியில் ஏறினார். இன்னும் பெரிய தட்டு வாங்கினார். பாஸ்தா இரண்டு வாய்.

பரிசோதனை நாளன்று, இனி மச்சானை 'சார்' என்று கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே விரலை நீட்டினார்.

"நல்லா குறைஞ்சிருக்கு சார்," என்றாள் நர்ஸ்.

"மிஷின் எதுவும் கெட்டுப்போச்சாம்மா?"

நர்ஸ் நிமிரவில்லை.

"மிஷினெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெரிய தட்டு வாங்கினது டாக்டர் கால்வாசின்னு சொன்ன அன்னிக்கேவா, மறுநாளா சார்? டாக்டர் கேட்டு வைக்கச் சொன்னாரு."