மோட்டார் ரூம் சூனியக்காரி

பேய்ப் படத்தில் வரும் சூனியக்காரியைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். நான் பொறாமைப்பட்டேன். என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்ததற்கு அந்தப் பொறாமைதான் காரணம்.

அது எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் பி.ஏ. முடித்துவிட்டு, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். (நான் எங்கே காத்திருந்தேன்? அப்பா காத்திருந்தார்.) ஒரு நாள் துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போன சித்தி, மூட்டைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் என்னை மாட்னி ஷோவுக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் அவளைப் பார்த்தேன்.

அவிழ்த்துப் போட்ட கூந்தல். தனி வீடு. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஆளில்லை. புளியமரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கும்படி சிரித்தாள். அதே படத்தில் கதாநாயகியும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. கடைசியில் ஊரே திரண்டு சூனியக்காரியைத் தூணில் கட்டி, சாட்டையால் அடித்துக் கொளுத்தியது. வாயைப் பொத்தியவளுக்குக் கல்யாணம் நடந்தது.

"தொலைஞ்சுது சனியன்" என்று சித்தி நிம்மதியாக எழுந்தார். எனக்கோ அழுகை வந்தது. அப்படி என்ன செய்துவிட்டாள்? மூலிகை தெரிந்து வைத்திருந்தாள். ராஜா கூப்பிட்டபோது வர மாட்டேன் என்றாள். (இரண்டு மூன்று பேரைக் கல்லாக்கினாள்தான். அவர்களும் சும்மா இருந்திருக்கலாம்.) பெண்ணியம் என்ற சொல்லை நான் அப்போது கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்தச் சிரிப்பை மட்டும் கற்றே தீருவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் பெண்கள் சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது. அதனால் கிணற்றடி மோட்டார் ரூமைப் பயிற்சிக்கூடமாக்கிக்கொண்டேன். மோட்டார் இரைச்சலிலும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்திலும் உள்ளே யானை பிளிறினாலும் வெளியே தெரியாது. முதலில் இருமல்தான் வந்தது. ஒரு மாதத்தில், என் சிரிப்பைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறியும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம். சாயங்காலம்தான் வருவதாகப் பேச்சு. மத்தியானமே அம்மா என்னை விரட்டினார்.

"அம்முணி, தலைக்கு ஊத்திக்கிட்டு வெரசா வா. மூஞ்சிக்கு மஞ்சள் நல்லாப் பூசு."

தொட்டியில் குளித்து, தலையை விரித்துப் போட்டு, முகமெல்லாம் மஞ்சளை அப்பிக்கொண்டு, சேலை மாற்ற மோட்டார் ரூமுக்குள் போனேன். சுவரில் ஒரு உடைந்த கண்ணாடி இருந்தது. அதில் தெரிந்தவளைப் பார்த்ததும் கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை சிரித்துவிடலாம் என்று தோன்றியது. அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

உச்சத்தில் இருந்தபோது கரண்ட் போயிற்று.

மோட்டார் நின்றது. தண்ணீர் நின்றது. நான் நிற்கவில்லை. (பிரேக் பிடித்தாலும் லாரி கொஞ்ச தூரம் ஓடத்தானே செய்யும்?) அந்த நிசப்தத்தில் என் சிரிப்பு கிணற்றுக்குள் போய் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே வந்தது.

வெளியே "ஐயோ, முருகா!" என்று ஓர் ஆண்குரல். தொடர்ந்து தொப்பென்று ஒரு சத்தம்.

ஆட்டையாம்பட்டிக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பெண்ணுக்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று வரப்பு வழியாகக் கிணற்றடிக்கே வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா பின்னால் நகர்ந்து, மரவள்ளிக்குப் பாயும் வாய்க்காலில், வெள்ளை வேட்டியோடு மல்லாந்து கிடந்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் துணிந்து வந்து கதவைத் தள்ளினார். விரித்த தலையும் மஞ்சள் முகமுமாக நான் நின்றிருந்தேன். விருந்தாளிகள் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அம்மா வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருந்தது அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்! இரண்டு கைகளையும் கூப்பி, கரகரத்த தொண்டையில் சொன்னேன்:

"வாங்க."

அவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் சைக்கிளில் வந்தார். அப்பா ஆவலாகக் கேட்டார்: "ஏனுங்க, பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?"

தரகர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொண்ணுக்குத்தான் என்னமோ புடிச்சிருக்குதுன்னு அவிங்க பேசிக்கறாங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்தேன். பேய் பிடித்துச் சிரித்தால் தப்பு பேயினுடையது. நானாகவே சிரித்தேன் என்றால் தப்பு என்னுடையது. வாயை மூடிக்கொண்டேன். அதன் பலனாக வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் பேயோட்டும் கோடாங்கி வந்து சேர்ந்தார்.

உடுக்கை, வேப்பிலை, பக்கத்தில் ஒரு பிரம்பு. அந்தப் பிரம்பைப் பார்த்ததும் படத்தின் கடைசிக் காட்சி கண்ணுக்குள் வந்தது. நிஜமாகவே கை கால் நடுங்கியது. "ஆடுது பாருங்க" என்றார் பெரியப்பா. உடுக்கை நின்றது. கோடாங்கி குனிந்து என் கண்ணைப் பார்த்தார்.

"ஆரு நீ? உனக்கு என்ன வேணும்?"

நான் திடுக்கிட்டுப் போனேன். பிறந்ததிலிருந்து அன்றுவரை அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் மட்டும் தயாராக உள்ளேயே இருந்திருக்கும் போல.

"எம்.ஏ. படிக்கோணும்."

கோடாங்கியின் கையிலிருந்த வேப்பிலை தாழ்ந்தது. பாவம், சேவலும் சாராயமும் கேட்கும் பேய்களோடு பழகியவர். "எங்க?" என்றார்.

"சேலத்துல. ஹாஸ்டல்ல தங்கி."

"எத்தனை வருசம்?"

"ரெண்டு."

"ஒரே வருசத்துல முடிச்சுக்கிட்டுப் போக முடியாதா?"

"முடியாது" என்றேன். (பேயாக இருந்தாலும் பாடத்திட்டத்தை மாற்ற முடியுமா?)

அப்பா கலங்கிய முகத்தோடு முன்னால் வந்தார். "படிச்சு முடிச்சா எம்புள்ளைய உட்டுட்டுப் போயிருமான்னு கேளுங்க."

"ரிசல்ட் வந்ததும் போயிர்றேன்."

கோடாங்கி பிரம்பை எடுத்தார். சட்டென்று அம்மா குறுக்கே வந்து நின்றார். சபையில் அம்மா வாய் திறந்து பேசி நான் பார்த்தது அன்றுதான். "அடிக்க வேண்டாமுங்க. அது நாயமாத்தானே கேக்குது? குடுத்திருங்க." அப்பா சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். என்னிடம் சொன்ன வார்த்தையாக இருந்தால் மறந்திருப்பார். பேய்க்குக் கொடுத்த வாக்கை மீற யாருக்குத் துணிச்சல் வரும்?

ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன்தினம் அம்மா என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனார். சுவிட்சைப் போட்டு, மோட்டார் ஓடத் தொடங்கியதும் காதருகே வந்து கேட்டார்: "அதை எப்படிச் சிரிச்சே? ஒருக்கா சிரிச்சுக் காட்டு."

காட்டினேன். அம்மாவும் முயன்றார். விக்கல் மாதிரி என்னவோ வந்தது. பிறகு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கையை நான் பிடித்து இறக்கிவிட்டேன். கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். அன்றைக்குக் கரண்ட் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, டிரங்குப் பெட்டியை மேலே போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றார். பஸ் நகரும்போது முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னார்: "சாமி, உள்ளார இருக்கறவகிட்டச் சொல்லு. பரீட்சைய நல்லா எழுதச் சொல்லி."

அவருக்கு எப்போது தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

நான் பேராசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் மேலே படிக்க ஆசைப்பட்டாலும் முதல் போன் எனக்குத்தான். சில மாதங்களுக்கு முன் தம்பி மகள் அழைத்தாள். "அத்தை, அப்பா டிகிரியே போதுமுங்கறாரு. நீங்க ஒருக்கா வந்து சிரிச்சுட்டுப் போறீங்களா?"

"வாரேன்" என்று பஸ் ஏறினேன். தம்பி கதவைத் திறந்தான். நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாங்க" என்று சொல்வதற்குக்கூட மறந்து இரண்டு கைகளையும் தூக்கினான்.

"அக்கா, அப்ளிகேசன் போட்டாச்சுங்க!"